முன்னுரை எங்கே தொடங்குகிறது?

(மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கட்டுரைக்கு முன்னுரை எழுதுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். அதில் முன்னுரைக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது? ஆனால் இதே பிள்ளை நாளைக்கு ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வுக்குப் போனால், அங்கே கட்டுரைக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. 3 மணி நேரம், 2 கட்டுரைகள், 250 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம். அந்தத் தேர்வறையில் போய் உட்கார்ந்த பிறகு முன்னுரை எழுதிப் பழக முடியாது.

நம் பிள்ளைகளின் நோட்டை எடுத்துப் பாருங்கள். ‘முன்னுரை’ என்று தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அடுத்து ஒரு திருக்குறள். பிறகு, ‘மனித வாழ்வில் நீர் இன்றியமையாதது.’ கடைசியில், ‘இதைப் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்.’ முடிந்தது. இதில் ‘நீர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கல்வி’ என்று போடுங்கள். பொருந்தும். ‘மரம்’, ‘நூலகம்’, ‘உடல்நலம்’ எதைப் போட்டாலும் பொருந்தும். எல்லாத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரை எந்தத் தலைப்பையும் பற்றிப் பேசவில்லை என்றுதான் அர்த்தம். கைடு வாங்கி மனப்பாடம் செய்தால் வருவது இதுதான். திருத்துகிற ஆசிரியர் அன்றைக்கே எத்தனையோ தாள்களில் அதே வரியைப் பார்த்திருப்பார்.

சரி, ‘நீர் மேலாண்மை’ என்ற அதே தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்தக் கட்டுரையில் நான் என்ன சொல்லப் போகிறேன்? ‘நீரைப் பற்றி’ என்பது பதில் ஆகாது. ‘மழை இல்லாதது மட்டும் நம் பிரச்சினை இல்லை, பெய்த மழையைத் தேக்கி வைக்காததுதான் பெரிய பிரச்சினை.’ இது பதில். ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

இப்போது அதற்குப் பொருத்தமாக நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தி வேண்டும். தேடி எங்கும் போக வேண்டாம், நம் பக்கத்து ஜோலார்பேட்டையிலேயே இருக்கிறது. எழுதிப் பார்ப்போம்:

‘2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை, 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே குறை வானத்தில் மட்டும் இல்லை; பெய்த மழையை நாம் நடத்தும் விதத்திலும் இருக்கிறது.’

நாலே நாலு வாக்கியம். அலங்காரம் ஒன்றும் இல்லை. வெள்ளமும் தட்டுப்பாடும் ஒரே ஊருக்கு எப்படி வந்தன என்று படிப்பவர் யோசிக்கத் தொடங்குகிறார். கடைசி வாக்கியத்தில் மாணவரின் கருத்து வந்துவிடுகிறது. அடுத்த பத்தியில் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிச் சொல்வாரா, பராமரிப்பில்லாத சேகரிப்புத் தொட்டிகளைப் பற்றிச் சொல்வாரா என்று எதிர்பார்க்கிறார். அதைச் சொல்லாமல் நீரின் பயன்களை வரிசையாக அடுக்கினால், நல்ல முன்னுரையும் வீணாகிவிடும். இன்னொன்று: ஆண்டோ எண்ணிக்கையோ உறுதியாகத் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். ‘சில ஆண்டுகளுக்கு முன்’ என்பது தவறான ஆண்டைவிட எவ்வளவோ மேல்.

திருக்குறள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குறள் உங்கள் கருத்தைத் தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். வாசலில் தோரணம் மாதிரி தொங்க மட்டும் செய்தால் எடுத்துவிடுங்கள்.

நிறையப் பிள்ளைகள் முதல் வரியிலேயே பத்து நிமிடம் நின்றுவிடுகிறார்கள். தேவையில்லை. வீட்டில் பழகும்போது ஐந்தாறு வரி இடம் விட்டுவிட்டு உள்ளே உள்ள பத்திகளை முதலில் எழுதுங்கள். என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் நமக்கே தெளிவாகும். பிறகு வந்து முன்னுரையை நிரப்புங்கள். தேர்வறையில் இரண்டு நிமிடம் குறிப்பு எடுத்துக்கொண்டால் போதும்.

நம்மில் பல வீடுகளில் உருது பேசுகிறோம், பிள்ளைகள் தேர்வைத் தமிழில் எழுதுகிறார்கள். தமிழ் வரவில்லை என்று அந்தப் பிள்ளை தயங்குகிறது. உண்மையில் அங்கே தடுமாறுவது பெரும்பாலும் மொழி இல்லை, கருத்துதான். அம்மாமார்கள் இதற்கு உதவலாம், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘நீ என்ன சொல்ல வருகிறாய், எனக்குச் சொல்லு’ என்று வீட்டு மொழியிலேயே கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை சொல்லிவிட்டால், அதைத் தமிழில் எழுதுவது அடுத்த வேலை, எளிய வேலை.

உதவித்தொகைக் கடிதமும் இப்படித்தான். ‘நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். தாங்கள் கருணை கூர்ந்து’ என்றே பெரும்பாலான கடிதங்கள் தொடங்குகின்றன. பிள்ளைகள் இப்படிக் கெஞ்சி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பவருக்கும் அதனால் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதலாமே: ‘நான் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றேன். தோல் தொழிற்சாலையில் வேலை செய்த என் தந்தைக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. இந்த ஆண்டுக் கட்டணத்தில் 18,000 ரூபாய் குறைகிறது.’ யார், என்ன படிக்கிறார், எவ்வளவு தேவை, ஏன் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெண்மீது மரியாதை வருகிறது.

வாசலில் தாள் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். தலைப்பு, ‘எங்கள் தெரு’. முன்னுரை மட்டும் போதும், நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். வேறு எந்தத் தெருவுக்கும் பொருந்தாதபடி எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.