பீன்ஸ் எந்த ஊர்க் காய்?

(நம் சங்கத்தின் மாடித் தோட்டக் கூட்டத்தில் பேசியது)



மொட்டை மாடியில் பந்தல் போடுவது முடிவாகிவிட்டது. பீன்ஸ் கொடி ஏற்றலாம் என்று பலர் கேட்கிறீர்கள். குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடும் காய்தான். விதை வாங்குவதற்கு முன் அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நம் தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் திவசத்தன்று பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு சமைப்பதில்லை. 'அதெல்லாம் இங்கிலீஷ் காய்' என்பார்கள் பெரியவர்கள். அவரை, புடலை, வாழைக்காய்தான் இலைக்கு வரும். காரணம் கேட்டால் 'வழக்கம்' என்று முடித்துவிடுவார்கள். அந்த வழக்கத்துக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பீன்ஸ் உண்மையில் இங்கிலாந்துக் காயும் அல்ல. மெக்சிகோ பக்கமும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் இருந்த மக்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தனித்தனியாகக் காட்டுக் கொடியைப் பயிராக்கினார்கள். 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகே ஐரோப்பா அதைப் பார்த்தது. நாம் வாங்கும் ராஜ்மாவும் இதே இனத்தின் முற்றிய விதைதான்.

ஐரோப்பியக் காய்கறிகள் நம் மலைகளில் வேர் பிடித்தது வெள்ளைக்காரர் காலத்தில். 1819-ல் நீலகிரிக்குப் போன கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், பிறகு உதகையில் அவற்றைப் பயிரிட வைத்தார். இன்றும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளில்தான் பீன்ஸ் நன்றாக விளைகிறது.

அவரை நமக்கு நெடுநாள் சொந்தம். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் உணவென்று சொல்லும் நான்கில் வரகு, தினை, கொள்ளோடு அவரையும் உண்டு. ஆனால் அதன் மூதாதையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்ததால் நம்மவராகிவிட்டது. பொங்கல் குழம்பில் போடும் சர்க்கரைவள்ளியும் பறங்கியும்கூட அமெரிக்கக் கண்டத்தவைதான். 'பறங்கி' என்ற பெயரே அது கப்பலில் வந்ததைச் சொல்கிறது. நம் வயலில் சம்பா அறுப்புக்கு முன் தெளிக்கிற உளுந்தும் பச்சைப்பயறும்தான் இந்த மண்ணிலேயே பிறந்தவை.

ஆகவே, வெளியூர்க் காய் என்பதற்காக பீன்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. தாராளமாக வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் பந்தலுக்கு வேறு கணக்கு. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பீன்ஸில் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. தஞ்சாவூர் மொட்டை மாடியின் சூடு உங்களுக்கே தெரியும். கொடி அவரை அப்படியில்லை. ஆடியில் விதைத்தால், பகல் குறுகும் மாதங்களில் பூத்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கலுக்குச் சரியாக வந்து நிற்கும்.

ஒரு வேண்டுகோள். கொல்லையில் அவரைப் பந்தல் இருந்த வீடுகள் குறைந்துவிட்டன. வீட்டுக்கு வீடு கைமாறி வந்த விதைகளும் அதோடு போய்க்கொண்டிருக்கின்றன. கிராமத்தில் உங்கள் அத்தையோ சித்தியோ ஒரு டப்பாவில் பழைய அவரை விதை வைத்திருக்கக்கூடும். கேட்டு, பத்து விதை வாங்கி வாருங்கள். எந்த ஊர் விதை என்று ஒரு சீட்டில் எழுதித் தோட்டக் குழுவிடம் கொடுங்கள். காய்த்ததும் முதல் காய்களை முற்றவிட்டு, விதையெடுத்து, கேட்கிற வீடுகளுக்கெல்லாம் கொடுப்போம்.

ஆடி பிறக்க அதிக நாள் இல்லை.