கணக்கு யார் கையில்



காலையில் செம்பூரிலிருந்து கிளம்பி இந்த மாட்டுங்கா அரங்குக்கு வந்து சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இங்கிருந்து தாராவிக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். தாராவிக்கு அந்தப் பக்கம் மித்தி ஆறு. ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா வளாகம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைமையகமும் பெரிய வங்கிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் அங்கேதான். தாராவி மாடிகளில் துணி காயப்போடுகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடி தெரியும். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து தாராவிப் பெண்களைப் பற்றி என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

வங்கிகள் தொடங்கிய அறக்கட்டளைகள் அரசின் கொள்கையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சு எவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் பொருள். ஐரோப்பிய அனுபவத்திலிருந்து தொடங்கும்படி அமைப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். தொடங்குகிறேன். முடிப்பது இங்கேதான்.

இத்தாலியில் சியேனா என்று ஒரு நகரம். அங்கே 1472-இல் தோன்றிய மோன்தே தெய் பாஸ்கி இன்றும் இயங்கும் வங்கிகளில் மிகப் பழையது என்பார்கள். 1990-இல் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுநல நோக்கத்தோடு நடந்துவந்த பழைய வங்கிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வங்கித் தொழில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போயிற்று. அதன் பங்குகளை வைத்துக்கொண்டு அறம் செய்யும் வேலை ஓர் அறக்கட்டளைக்கு. சியேனாவில் அந்த அறக்கட்டளையின் குழுவில் பெரும்பாலோரை நகராட்சியும் மாகாண நிர்வாகமும் நியமித்தன. வங்கி லாபம் ஈட்டும், அறக்கட்டளைக்கு ஈவுத்தொகை வரும், அதில் பல்கலைக்கழகமும் கலைச்சின்னங்களும் வாழும். ஊருக்கே மடி நிறைந்த காலம்.

2007-இல் அந்த வங்கி ஆந்தோன்வெனேத்தா என்ற இன்னொரு வங்கியை 900 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிடி விட்டுப்போகக் கூடாது என்று அறக்கட்டளை தன் செல்வத்தையெல்லாம் சியேனா வங்கி ஒன்றின் பங்குகளிலேயே கொட்டியது. மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி. ஏழெட்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் இருந்த பங்கு ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது. நகரத்துக்குப் போன நன்கொடைகளும் வற்றின. இவ்வளவு நடக்கும்போதும் ஆண்டறிக்கைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தன. எந்த ஓவியத்தைச் செப்பனிட்டார்கள், எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அச்சில் கிடைத்தது. வங்கிக்கும் அறக்கட்டளைக்கும் நகராட்சிக்கும் இடையில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதுதான் ஊருக்குக் கடைசியில் தெரியவந்தது. ஒரே நிறுவனத்தில் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது என்று இத்தாலிய அரசும் அறக்கட்டளைகளும் உடன்பாடு செய்துகொண்டது 2015-இல். வெள்ளம் வடிந்த பிறகு கட்டிய அணை.

பிரஸ்ஸல்ஸ் வேறு வழியில் போனது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆணையமும் சேர்ந்து 2011-இல் ஒரு வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டைத் தொடங்கின. 2021 உடன்பாட்டில் உறுப்பு நாடுகளின் மன்றமும் சேர்ந்துகொண்டது. சட்டம் இயற்றுவோரிடம் பேசப் போகும் நிறுவனம், அறக்கட்டளையாக இருந்தாலும், தன் பெயரைப் பதிய வேண்டும். எந்தச் சட்ட முன்மொழிவு பற்றிப் பேசுகிறது, அதற்காக ஆண்டுக்கு ஏறத்தாழ எவ்வளவு செலவிடுகிறது என்று சொல்ல வேண்டும். இன்று அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆணையர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்பதும் 2014 இறுதியிலிருந்து வெளியாகிறது. நல்ல ஏற்பாடு, எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது சந்திப்பின் வாசலைக் காட்டும் பதிவேடு. உள்ளே யாருடைய வாழ்க்கையைச் சான்றாக வைத்துப் பேசினார்கள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஐரோப்பாவைப் பார்த்து நாம் மலைக்க வேண்டியதில்லை. நம்மிடம் மகமை இருந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்துவைக்கும் வழக்கம் நகரத்தாரிடமும் நாடார்களின் உறவின்முறைச் சங்கங்களிலும் வேரூன்றியிருந்தது. விருதுநகரில் 1889-இல் நாடார்களின் க்ஷத்திரிய வித்யாசாலா எழுந்தது அப்படித்தான்; வீட்டுக்கு வீடு பிடி அரிசி கொடுத்து அதை நடத்தினார்கள். அந்தப் பணமும் அந்த ஒற்றுமையும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் தங்கள் சாதிப்பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்று அரசிடம் மனுப்போட்டு 1921-இல் வென்றார்கள். அதே ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் பிறந்தது, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அறமும் வங்கியும் கொள்கைப் பேச்சும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்ததற்கு இதைவிட நல்ல சான்று ஐரோப்பாவிலும் தேட வேண்டும்.

மகமைக் கணக்கு உறவின்முறைக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. கொடுத்தவன் கேட்டான். சரி. பர்மாவுக்குப் போவோம். 1929-30-இல் அங்கே வங்கித்தொழில் விசாரணைக் குழு அமர்ந்தபோது, கடன் கொடுத்துவந்த நகரத்தாரின் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கம் தன் தரப்பைத் தெளிவாகவே எடுத்துவைத்தது. 1930-இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. கடன் மூழ்கி, நிலம் கைமாறி, 1938-இல் அது 25 பங்கு. கடன்பட்ட பர்மிய உழவர் எந்த மகமைக் கூட்டத்திலும் கணக்குக் கேட்கவில்லை. கொடுப்பவருக்கு முன்னால் திறந்திருந்த ஏடு, பாதிக்கப்படுபவருக்கு முன்னால் மூடியிருந்தது. இன்றைய அறக்கட்டளைகளிலும் நான் பார்ப்பது இதைத்தான்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது? 2014 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2021 முதல் திட்டங்களை இணையதளத்தில் போட வேண்டும். கொள்கைப் பேச்சுக்கு இந்தியாவில் பதிவேடு கிடையாது. 2013-இல் அதற்காக மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, அது சட்டமாகவில்லை. மித்திக்கு அப்பால் செபி மட்டும் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியல் நிறுவனங்கள் 2022-23 முதல் தரும் பொறுப்பு அறிக்கையில் ஏழாவது கோட்பாடு, கொள்கையில் தலையிடுவோர் பொறுப்போடும் வெளிப்படையாகவும் தலையிட வேண்டும் என்கிறது. எந்தெந்த வணிக மன்றங்களில் உறுப்பினர் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தக் கொள்கைக்காகப் பேசினோம் என்பதோ விருப்பமிருந்தால் நிரப்பும் கட்டம்! கேள்வியும் பட்டியலில் உள்ள வங்கிக்குத்தான். அதன் அறக்கட்டளையைத் தனியே யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு சொந்தக் குறை. நான் வேலை பார்த்த வங்கியில், சிறுகடன் விதிகள் பற்றி அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் அறக்கட்டளை நடத்திய தையல் வகுப்புப் பெண்கள் இந்த மாற்றத்தை விரும்புகிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். குறிப்புக்கு அழகாக இருந்தது. அவர்களில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. மேலதிகாரியும் என்னைக் கேட்கவில்லை. அந்த வரி இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.

அந்தப் பெண்களைப் போன்றவர்கள் வைத்திருந்த கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் பம்பாய்க்கு வந்து, மான்குர்த் ஜனதா காலனியில் வாழ்ந்தார். நெருக்கடி நிலையின்போது 1976-இல் அந்தக் காலனி பெயர்க்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்குப் போனார்கள். செம்பூரிலிருந்து அதிகத் தூரமில்லை. அவருடைய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் 1984-இல் தொடங்கிய ஸ்பார்க் தன்னார்வ அமைப்பும் மகிளா மிலன் என்ற பெண்கள் கூட்டமைப்பும் சேர்ந்து செய்த வேலை உலகம் அறிந்தது. பைகுல்லா நடைபாதைப் பெண்கள் சேமிக்கத் தொடங்கியபோது பலருக்கு எழுத்து வாசனை இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு பிளாஸ்டிக் பை. போட்ட ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்தில் காகிதத் துண்டு அதற்குள் போகும். தன் கையிருப்பை அவளே பையைக் கவிழ்த்து எண்ணிக்கொள்வாள். எத்தனையோ தணிக்கை அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன், இதற்கு ஈடான ஒன்றைப் பார்த்ததில்லை.

1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, தாராவியைச் சீரமைக்கும் பேச்சு வந்ததும் இவர்களே இறங்கித் தாராவியில் வீடுகளை எண்ணினார்கள். அரசுக் கணக்கைவிடக் கூடுதலான குடும்பங்கள் இருந்தன. எண்ணியவர்களும் எண்ணப்பட்டவர்களும் ஒரே சந்துக்காரர்கள். அந்த எண்ணிக்கையே அவர்களுடைய மனு.

இதையும் பொன்னாக்கிவிட வேண்டாம். உலக வங்கிக் கடனில் மும்பைப் போக்குவரத்துத் திட்டம் வந்தபோது, குடிபெயர்வோரைக் கணக்கெடுக்கும் பொறுப்பில் இப்படிப்பட்ட தன்னார்வ அமைப்புகளும் இருந்தன. சாந்தாகுரூஸ் செம்பூர் இணைப்புச் சாலையில் கடை இழக்கவிருந்த குர்லா வியாபாரிகள் 2004-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். தகவல் தருவதிலும் கலந்து பேசுவதிலும் குறை இருந்ததென்று அக்குழு கண்டது; 2006-இல் சில மாதங்கள் பணமே நிறுத்திவைக்கப்பட்டது. மக்களின் பிரதிநிதி திட்டத்தின் கருவியாக மாறும் இடம் எது என்று இரண்டாம் நாள் அமர்வில் ஒரு கட்டுரை கேட்கிறது. அதற்காக நான் காத்திருக்கிறேன்.

படிக்கவிருக்கும் கட்டுரைகள் பதினொன்று. தமிழிலோ மராத்தியிலோ ஒரு பக்கச் சுருக்கம் வேண்டுமென்று கேட்டிருந்தேன். மூன்று வந்திருக்கின்றன. பின்வரிசையில் தாராவிச் சேமிப்புக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; இரண்டு கட்டுரைகளின் தரவு அவர்களிடமிருந்து எடுத்தது. அவர்கள் முன்வரிசைக்கு வரட்டும், நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. முதல் கட்டுரையாளர் பேராசிரியர் மேடைக்கு வரலாம். கட்டுரைக்குள் நுழையும் முன் முதல் ஐந்து நிமிடம் தமிழில் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அம்மா, நீங்கள் நடுவிலேயே கேட்கலாம்.