வீட்டுக் காரும் வீட்டாரின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் காரைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இது விழாவுக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனித் தெருக்களை ஒருமுறை நோக்கினால் ஐயம் தீர்ந்துவிடும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம்மவருள் பெரும்பாலோர் விடியற்காலை இரயிலில் பெங்களூர் சென்று, இரவு வீடு திரும்பும் வாழ்வுக்கு ஆளாயினர். அவ்வாறு உழைத்துச் சேர்த்த பணத்தில் பலர் பழைய கார் ஒன்றை வாங்கியுள்ளனர். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்றும் சில வாசல்களில் நிற்கிறது.

இக்கார்கள் வாரத்தில் ஆறு நாள் வேப்பமர நிழலில் உறங்குகின்றன. ஏழாம் நாள் பாட்டி முதல் பேரன்வரை அனைவரையும் ஏற்றிக்கொண்டு, வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாக மலைப்பாதை இறங்கிக் குடியாத்தத்துத் திருமணத்துக்குப் புறப்படுகின்றன. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. நின்ற வண்டியில் பாட்டரி வலுவிழக்கும். டயரில் காற்று இறங்கும். பானெட்டினுள் எலி குடியேறி ஒயரைக் கடிக்கும். ஆகவே நம் காருக்குத் தேவை பெரிய ரிப்பேர் அன்று. இடைவிடாத கண்காணிப்பே ஆகும்.

தங்கவயல் மக்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. நம் பாட்டனாரும் தந்தையரும் இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டில் ஏறியே பூமிக்குள் இறங்கினர். அக்கயிற்றை நாள்தோறும் ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்பது சுரங்க விதி. இரயில்வேயிலும் அவ்வாறே. பிரேக் சரியாக உள்ளது என்ற சான்றிதழ் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. ஆனால் நம் வீட்டுக் காருக்குப் பரிசோதகர் யார்? நாமே அல்லவா?

கல்லூரிப் படிப்பு இல்லாதவர் இயந்திரத்தைத் தொடலாமா என்று தயங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திர நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். நாம் காரைப் பிரிக்க வேண்டாம். திறந்து பார்த்தாலே போதும்.

முதலாவது டயர். காற்றின் அளவை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் பார்க்க வேண்டும். உரிய அளவு டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்திலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகுதி; ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்ச்சீர் பிசகியுள்ளது என்று கொள்ளலாம். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றுவதே முறை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்பது பொருள். பழைய கார் வாங்குவோர் இதனை அவசியம் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது எண்ணெயும் நீரும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் அணைந்து சில நிமிடங்கள் கழிந்த பின் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி இட்டுப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நின்றால் நலம். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதியே. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி விலகியதும் கொதித்துச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். நம் ஊர் போர்வெல் நீர் உப்பு மிகுந்தது. உள்ளே படிந்து குழாயை அடைக்கும். வாலை வடிநீர் கலந்த கூலண்டையே ஊற்றுதல் வேண்டும்.

மூன்றாவது பாட்டரி. நிறைந்த பாட்டரி, வண்டி நின்றிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது காலியாகிவிட்டது எனலாம். முனைகளில் பூக்கும் வெண்பச்சைத் தூளைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவலாம். கழற்றும்போது மைனஸ் முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து எரியும் வாயு எழும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. நிறுத்திய இடத்தில் ஐந்து நிமிடம் உறும விடுவதால் பயனில்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுதல் வேண்டும்.

நான்காவது காற்று வடிகட்டி. நம் ஊரின் சயனைடு மேடுகளைப் பிற ஊரார் அறியார். காற்றுக் காலத்தில் அம்மேடுகளின் வெண்புழுதி துவைத்த துணியில் படிவதைத் தாய்மார்கள் நன்கறிவர். அதே புழுதியைத்தான் இஞ்சினும் உறிஞ்சுகிறது. வேற்றூரில் ஓராண்டு நிலைக்கும் வடிகட்டி இங்கே முன்னதாகவே அடைபடக்கூடும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தாள் வடிகட்டியை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நீரில் கழுவலாகாது, கறுத்துப்போனால் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது பியூஸ். விளக்கோ ஹாரனோ நின்றால் முதலில் பியூஸ் பெட்டியைப் பார்க்கவும். எரிந்ததன் இடத்தில் அதே ஆம்பியர் அளவுள்ளதையே இட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயைக் கையால் அழைப்பதாகும். மீண்டும் எரிந்தால் ஒயரில் குற்றம் உண்டு, எலக்ட்ரீஷியனை அழைக்கவும்.

இனி ஸ்டெப்னி மாற்றுதல். இதனை வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவரும், சகோதரிகள் உட்பட, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பழகிவிடுதல் நல்லது. மலைப்பாதையில் இருட்டியபின் கற்க முடியாது. சமதளத்தில் நிறுத்திக் கைபிரேக்கும் கியரும் இட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுக்கவும். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துக. இறுக்கும்போது எதிரெதிராக இறுக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருவரும் நுழையலாகாது. அது வண்டியைத் தூக்கும், காவல் நிற்காது.

நம் கைக்கு எல்லையும் உண்டு. பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை ஆகியவற்றைப் பிரிப்பது நம் வேலையன்று. அவற்றில் நம் கடமை கவனித்தல் மட்டுமே. பிரேக் எண்ணெய் குறைகிறதா, மிதி ஆழமாக இறங்குகிறதா, ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்த்து உடனே மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் குறைந்தால் ஊற்றி மறந்துவிடுவது பேதைமை; தேய்ந்த கட்டையோ கசிவோ அங்கே ஒளிந்திருக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், பார்த்தவை, செய்தவை, செலவு என ஐந்து பத்திகள் போதும். பதிவேட்டோடு பிழைக்கும் குமாஸ்தா வேறு எதைச் சொல்வார் என்று நகைக்க வேண்டாம்! சென்ற மாதம் ஊற்றிய எண்ணெய் இம்மாதமும் குறைந்தால், கண் மறந்ததை ஏடு காட்டும். மெக்கானிக்கும் ஊகத்தில் பாகங்களை மாற்றாமல் குற்றத்தை நேரே தேடுவார்.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் யாரோ ஒருவர் கயிற்றைப் பார்த்திருப்பார் என்று நம்பி இறங்கினார்கள். இன்று பின்சீட்டில் கண்ணயரும் நம் குழந்தைகளும் அதே நம்பிக்கையில்தான் உறங்குகின்றனர். அவர்களுக்காகப் பார்க்க வேண்டியவர் நாமே. வரும் ஞாயிறன்று பத்து நிமிடம் ஒதுக்கி, மகனையும் மகளையும் அருகில் நிறுத்திப் பானெட்டைத் திறப்போமாக.