பழைய குதிரைக்குப் புதிய கடிவாளம்



சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட சில மோட்டார்க் கார்களைப் பற்றி இன்று பேசலாமென்றிருக்கிறேன். கார்களைப் பற்றி என்பதிலும், அவற்றை இன்று வைத்திருப்போர் தத்தம் கைப்பட அவற்றுக்குச் செய்துகொள்ளும் மாற்றங்களைப் பற்றி என்பதே பொருந்தும்.

அந்நாட்டார் ‘மசில் கார்’ என்று ஒரு வகையைச் சொல்வார்கள். புயவலிக் கார் என்று தமிழாக்கலாமாயினும், வழங்கும் பெயராலேயே குறிப்பிடுகிறேன். இதன் இலக்கணம் எளிது. ஒரு குடும்பம் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் நடுத்தர அளவுக் காரை எடுத்து, அதனுள்ளே பெரிய காருக்குரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை இருத்திவிட்டால் மசில் கார் ஆகிவிடும். 1964ஆம் ஆண்டு மொடலாக வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்னும் காரையே இவ்வினத்தின் மூத்த பிள்ளையாகப் பெரும்பாலோர் கொள்வர். அது பிறந்த விதம் சுவையானது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனியில் ஒரு கட்டளை இருந்தது. பொன்ரியாக் பிரிவின் பொறியியலாளராகிய ஜோன் டிலோரியனும் அவருடைய தோழர்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தங்கள் நடுத்தரக் காரில் ஏற்ற விரும்பினார்கள். புதிய கார் என்று சொன்னால் மேலிடம் தடுக்கும். ஆகவே, ரெம்பெஸ்ற் என்னும் சாதாரணக் காருக்கு, விரும்பியவர் மேலதிகப் பணங்கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபகரணத் தொகுதி என்று அதனைப் பட்டியலிலே சேர்த்துவிட்டார்கள். முதலாண்டிலேயே 32,000க்கு மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. விற்பனையைக் கண்ட மேலிடமும் வாய்திறக்கவில்லை.

அதே ஆண்டு ஏப்பிரல் 17ஆந் திகதி, நியூ யோர்க் உலகக் கண்காட்சியிலே போர்ட் கொம்பனியார் மஸ்டாங் என்னும் காரை அறிமுகஞ் செய்தார்கள். மஸ்டாங் என்பது அமெரிக்கப் புல்வெளிகளில் கட்டின்றித் திரியும் குதிரையின் பெயர். இதனை மசில் கார் என்று சொல்வது பிழை, சிறுகுதிரைக் கார் என்றே சொல்லவேண்டும் என்று வாதிடும் பண்டிதர்களும் உளர். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆரம்ப விலை 2,368 டொலர். அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் எஞ்சினும் மூன்று கியரும் உடைய சாதுவான பிராணிதான். அதற்குமேல் எஞ்சின் எது, கியர்ப்பெட்டி எது, இருக்கை எப்படி, சில்லுக்கு என்ன மூடி, வானொலி வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் ஒரு நீண்ட பட்டியல் வாங்குபவர் கையில் கொடுக்கப்பட்டது. ஒரே தெருவிலே நின்ற இரண்டு மஸ்டாங் கார்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது அருமையாயிற்று. ஆகவே, கைபடாத மூலவடிவம் என்று ஒன்றைத் தேடுவோருக்கு இக்கார்கள் தொடக்கத்திலேயே அதிகம் இடங்கொடுக்கவில்லை.

இத்தகைய காரொன்று இன்று ஒருவருக்கு வாய்க்கிறதென வைத்துக்கொள்வோம். தகப்பனார் விட்டுப்போனதாக இருக்கலாம். கொட்டிலொன்றிலே தூசிபடிந்து கிடந்ததை வாங்கியதாகவும் இருக்கலாம். முதற்பணத்தை எதிலே செலவிடுவது? இளைஞராயின் பெரிய கார்புறேற்றர் ஒன்றை வாங்கி எஞ்சினின் தலையில் வைப்பார். காது கிழியும் ஓசை தரும் புகைக்குழாயையும் உடன் வாங்குவார். கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆனால், முதற்பணம் பிறேக்குக்கே போகவேண்டும் என்பது என் கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன். 1964, 1965, 1966ஆம் ஆண்டுகளின் மஸ்டாங் கார்களிலே பிறேக்குக்குரிய எண்ணெய் ஒரேயொரு சுற்றிலேயே ஓடியது. சாரதி மிதியை அழுத்தும்போது, ஒரே சிலிண்டரிலிருந்து புறப்படும் அழுத்தம் குழாய்கள் வழியாக நான்கு சில்லுகளுக்கும் பிரிந்து செல்லும். அறுபது வயதான அந்தக் குழாய்களில் ஒன்றிலே, துருப்பிடித்த ஒரு முடக்கிலே, ஊசிமுனையளவு துவாரம் விழுந்தாற் போதும். நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிட்டுவிடும்.

இதை நான் ஏட்டிலே படித்து மட்டும் சொல்லவில்லை. என் இளமையில் என்னிடமிருந்த பழைய ஆங்கிலக் காரொன்றும் இதே ஒற்றைச் சுற்று முறையில் அமைந்ததுதான். கண்டியிலிருந்து திரும்பும் வழியில், கடுகண்ணாவை இறக்கத்திலே மிதியை அழுத்தினேன். கால் பஞ்சுக்குள் புதைவதுபோல் அடிவரை போயிற்று. இரண்டாம் முறை அழுத்தியபோது அந்தப் பஞ்சும் இல்லை. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலிலே ஒரு சில்லை இறக்கிக் காரை நிறுத்தினேன். பின்னிருக்கையில் இருந்த என் தாயார், “ஏன் தம்பி, இங்கே நிற்பாட்டினாய்?” என்று கேட்டார். தேநீர் குடிக்க என்று பொய் சொன்னேன். அன்றிரவு முழுவதும் என் வலதுகால் நடுங்கிக்கொண்டேயிருந்தது.

1967ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களிலே இரட்டைச் சுற்று வந்தது. முன்சில்லுகளுக்கு ஒன்று, பின்சில்லுகளுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். இந்த இரட்டைச் சிலிண்டரைப் பழைய காரிலே பொருத்துவது ஒரு விடுமுறை நாளில் முடிக்கக்கூடிய வேலை. அதனோடு முன்சில்லுகளின் பீப்பாய்ப் பிறேக்கை நீக்கித் தட்டுப் பிறேக்கும் வைத்துக்கொண்டால் நல்லது. பீப்பாய் மூடியிருப்பதால் வெப்பம் உள்ளேயே தங்கி, நீண்ட இறக்கத்தில் பிடி தளரும். தட்டு வெளியே காற்றிலே சுழல்வதால் விரைவில் ஆறிவிடும்.

இன்னும் இரண்டு மாற்றங்களை இதே வரிசையில் வைக்கிறேன். அக்காலத்து மஸ்டாங் காரிலே பெற்றோல் தொட்டியின் மேற்புறமே பொதிப்பெட்டியின் தளம். பொதிப்பெட்டிக்கும் பயணிகளுக்கும் இடையே இருந்தவை பின்னிருக்கையும் மெல்லிய அட்டைப் பலகையுமே. பின்னாலிருந்து வேறொரு வாகனம் வந்து மோதினால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. விஷயமறிந்தவர்கள் பின்னிருக்கைக்குப் பின்னே ஓர் உருக்குத் தகட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். மற்றொன்று ஸ்டியறிங் தண்டு. மோதலின்போது மடங்கிக் கொடுக்கும் தண்டு 1967இலேதான் வந்தது. அதற்கு முந்தியது சாரதியின் நெஞ்சுக்கு நேரே நிறுத்திய ஈட்டி. மடங்கும் தண்டையும், இடுப்போடு தோளையும் அணைக்கும் பட்டியையும் பொருத்துவோர் இன்று பலர். இவை ஒன்றும் வெளியே தெரியாதவை. கண்காட்சித் திடலிலே காரைச் சுற்றிவரும் எவரும் ‘ஆகா’ என்று சொல்லப்போவதில்லை.

வெளியே தெரியாத மாற்றங்களிலே எனக்கு மிக விருப்பமான ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். வளைவிலே வேகமாகத் திரும்பும்போது காரின் உடம்பு வெளிப்புறமாகச் சாயும். அதனோடு முன்சில்லும் சாய, ரயரின் அகலம் முழுவதும் தரையில் பதியாமல் ஓரம் மட்டுமே பதியும். பிடி குறையும். போர்ட் கொம்பனியின் பொறியியலாளர் கிளவுஸ் ஆர்னிங் இதற்குக் கண்ட பரிகாரம் வியப்பானது. முன்சில்லைத் தாங்கும் மேற்கையைப் பிணைக்கும் துவாரங்களை, இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஓரங்குலம் கீழே துளைத்தால் போதும் என்றார். அவ்வாறு இறக்கிப் பிணைத்தால், உடம்பு சாயும்போதும் சில்லு நிமிர்ந்து நிற்க முயலும். பந்தய வீரர் கரோல் ஷெல்பி 1965இலே மஸ்டாங் காரை எடுத்துத் தம் பெயரால் ஜீ.ரீ. 350 என்னும் பந்தயக் காராக மாற்றியபோது இதனையே செய்தார். புதிய உறுப்பு எதுவும் வேண்டியதில்லை. பக்கத்துக்கு இரண்டு துவாரம். துளைகருவியும் அளவுத் தகடும் இருந்தால் வீட்டுக் கொட்டிலிலேயே செய்துகொள்ளலாம். ஆயிரம் டொலர் செலவில் எஞ்சினைப் பெருப்பித்தவர், இந்த நான்கு துவாரங்களைத் துளைத்தவரை மலைப்பாதையிலே பின்தொடர முடியாமல் திணறுவார்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தீப்பொறியை எழுப்பும் பழைய தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவியொன்றைப் பழைய மூடியின் உள்ளேயே மறைத்து வைத்துவிடலாம். மழைக்காலக் காலையிலே தொல்லையில்லை. அமெரிக்கத் தெருக்களிலே ஓடும் வாகனங்களுக்கு ஈயங் கலந்த பெற்றோல் 1996ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முற்றாக நின்றுவிட்டமையால், எஞ்சினைப் பிரிக்கும்போது வால்வுகள் அமரும் வளையங்களைக் கடினமான உலோகத்தில் மாற்றிக்கொள்வர். ஐந்து கியருள்ள பெட்டியை வைத்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் மூச்சிரைக்காது. பழைய விளம்பரங்களில் வரும் குதிரைவலுக் கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு மொடல்கள் வரும்வரை, விசிறி முதலிய சுமைகளை நீக்கிவைத்து, மேசைமேல் ஓடவிட்டு அளந்த கணக்கு அது.

இனி, அவரவர் மனத்துக்குப் பிடித்த அலங்காரங்கள். கியர்த் தண்டின் நுனியிலே வெள்ளைக் குமிழ் வைப்பார் ஒருவர். தம் கையால் கடைந்த மரக்குமிழ் வைப்பார் இன்னொருவர். காரிலே உள்ளங்கை ஓயாமல் தொடும் இடம் அதுவாகையால், அங்கே ஒரு கைவேலை இருப்பது தகும். உடம்பின் நெடுகிலும் நூலிழைபோல் ஓடும் வர்ணக்கோடு இன்னொன்று. அணில்மயிராற் செய்த நீண்ட தூரிகையால், அளவுகோலின்றி, ஒரே மூச்சிலே இழுக்கும் கலைஞர்கள் அந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். ஒட்டுப்பட்டியால் ஒட்டிய கோட்டுக்கும் அதற்குமுள்ள வேற்றுமை, அச்சிட்ட கோலத்துக்கும் அம்மா போட்ட கோலத்துக்கும் உள்ள வேற்றுமை. சில்லுகளிலே அறுபதுகளின் ஐந்து கை வார்ப்புச் சில்லு இன்றும் அழகாகவே இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் இருபது அங்குலச் சில்லை வைத்து, அதற்கு இடம்விடச் சேற்றுக்காப்பை வெட்டியெறியும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

வானொலியில் பேசும் நான் வானொலியை மறக்கலாமா? பழைய காரின் வானொலிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு, அங்கே பெரிய ஓட்டையொன்றை வெட்டிப் புதிய கருவியை இறுக்கியவர்கள் ஒரு காலத்தில் பலர். இன்று பழைய முகப்பையும், குமிழையும், அலைவரிசை காட்டும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் புதிய சுற்றை அமைத்துத் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். முன்னர் ஓட்டை வெட்டியவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்களாம்.

இவ்விடத்திலே ஒரு தகராறு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஒவ்வோர் ஆணியும் இருக்கவேண்டும், எஞ்சினில் பொறித்த இலக்கம் காரின் இலக்கத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்பது ஒரு சாரார் மதம். சிலர், காரைக் கட்டியபோது தொழிலாளர் இருக்கைச் சுருள்கம்பிகளுக்கிடையே விட்டுப்போன கட்டளைத்தாளைக்கூடத் தேடியெடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கார் என்னுடையது, என் விருப்பம்போல் செய்வேன் என்பது மறுசாரார். நான் முதற் சாராரை மதிக்கிறேன். ஆயினும் ஒரு காரின் கதை அவர்களுக்கு விடைசொல்லிவிட்டதென நினைக்கிறேன்.

1968ஆம் ஆண்டு ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்திலே நடிகர் ஸ்டீவ் மக்குயின் கரும்பச்சை மஸ்டாங் காரொன்றை ஓட்டினார். படத்துக்காக அதன் முகப்பிலிருந்த குதிரைச் சின்னம் நீக்கப்பட்டது, சில்லுகள் மாற்றப்பட்டன, படப்பெட்டியைத் தாங்குவதற்குக் காரின் அடிப்புறத்திலே குழாய்கள் ஒட்டவைக்கப்பட்டன. படம் முடிந்தபின் கை மாறிய அந்தக் காரை, 1974இலே நியூ ஜேர்சி மாநிலத்துக் குடும்பமொன்று பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டொலருக்கு வாங்கியது. வீட்டம்மா ஆசிரியை, அந்தக் காரிலேதான் பள்ளிக்கூடம் போய்வந்தார். 1977இலே மக்குயின் தாமே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980இலே கிளச் தேய்ந்ததும் கார் ஓய்வுக்குப் போயிற்று. பல்லாண்டுகளின்பின் அவர்களுடைய மகன் அதனை மீண்டும் ஓடச்செய்து, 2018 சனவரியில் டெற்றோயிற் கண்காட்சியிலே காட்டினார். வர்ணத்தை அவர் புதுப்பிக்கவில்லை. துருவையும் கீறலையும் தொடவில்லை. நீக்கிய சின்னத்தைத் திரும்ப ஒட்டவுமில்லை. 2020 சனவரி 10ஆந் திகதி, ஏலத்திலே தரகுத் தொகையும் சேர்த்து 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு அது விலைபோயிற்று. தொழிற்சாலை செய்த மஸ்டாங் கார்கள் இலட்சக்கணக்கில் உண்டு. அந்தக் குழாய்கள் ஒட்டப்பட்ட வேறொரு காருக்கு அந்த விலையை யார் கொடுப்பார்?

நம்மவர்களுடைய கார் சினிமாவில் நடித்ததன்று என்பது உண்மைதான். ஆயினும், தகப்பனார் இழுப்பித்த வர்ணக்கோட்டின்மேல் மகன் புதுவர்ணம் பூசுவதற்கு முன்னர் ஒருநாள் பொறுத்திருந்து யோசிக்கலாம்.

பிறேக்கை மாற்றுவதிலே அத்தகைய தயக்கம் வேண்டாம். அதற்கும் ஒரு வழியை அங்குள்ள அனுபவசாலிகள் கண்டிருக்கிறார்கள். கழற்றிய ஒற்றைச் சிலிண்டரையும், பீப்பாய்களையும், தொடுமுனைகளையும், பழைய வானொலிச் சுற்றையும் எண்ணெய்த் தாளிலே சுற்றி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எப்போது கழற்றியது என்று எழுதி வைத்துவிடுவார்கள். கார் கைமாறும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகும்.