பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும்



நம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி வரை" என்றால் என்ன வருகிறது? இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலே தெரியும் தஞ்சாவூர்ப் பிள்ளையும் அந்த மலையைத்தான் வரைகிறது. ஓவிய ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையில் போட்டதை அப்படியே திருப்பித் தருகிறது. நாமும் மதிப்பெண் போடுகிறோம். உன் வீட்டு வாசல் வேப்பமரத்தை வரையலாம் என்று நம்மில் யார் அதற்குச் சொன்னோம்?

வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுமி படுத்திருக்கும் ஆட்டை வரைகிறாள். கால் கோணலாக விழுகிறது. உடனே ரப்பர். மறுபடி கோடு, மறுபடி ரப்பர். தாள் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிடுகிறது. "நீங்களே போட்டுக் குடுங்க சார்" என்று நோட்டை நீட்டுகிறாள். ஆசிரியருக்கு அதுதான் சோதனையான நேரம். நாலே இழுப்பில் போட்டுக் கொடுத்தால் ஆடு அழகாக வந்துவிடும். அடுத்த வாரம் அவள் பென்சிலைத் தொடவே தயங்குவாள். ரப்பரை வாங்கி வையுங்கள். "உங்க ஆடு படுக்கும்போது முன்னங்கால் எந்தப் பக்கம்மா மடங்கும்?" என்று கேளுங்கள். தினமும் அதற்குத் தழை போடுகிறவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா! தவறிய கோடு இருக்கட்டும், பக்கத்திலேயே புதுக் கோடு போடட்டும்.

ஆசிரியரின் கோட்டைத் தாண்டித் தன் கோட்டைத் தேடியவருக்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1957-இல் அதே பொறுப்புக்கு வந்தார். ஆனால் குருவின் பாணியில் அவர் நின்றுவிடவில்லை. எழுத்தும் குறியீடுமாகத் தமக்கென்று ஒரு வழி கண்டார். 1966-இல் அவரும் அவருடைய மாணவர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் விருப்பப்படி வரைந்தார்கள். பணிக்கரைப் போலத் தன் வழியில் போகும் பிள்ளைகள் வளர வேண்டுமானால், தன் சாயலில் இல்லாத மாணவரைக் கண்டு முகம் சுளிக்காத ஆசிரியர் நமக்கு வேண்டும்.

ஓவிய ஆசிரியர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தேர்வு நெருங்கும்போது ஓவியப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அடுத்து, ஆண்டுவிழாக் கண்காட்சியில் தன் படங்களில் எதை மாட்டுவது என்று அந்தந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நாம் கைவைத்துத் திருத்திய படம் ஒன்றுகூட அந்தச் சுவரில் வேண்டாம்.