கூட்டியதும் குறைத்ததும்

(பணியிடைப் பயிற்சியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஒரு வினாவுக்கு ஒரே விடைதான் என்று நம் மாணவர்கள் பழகிவிட்டார்கள். வடிவமைப்பில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலை உண்டு. இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரெனோ நகருக்கு அருகே 1964 முதல் 2023 வரை விமானப் பந்தயங்கள் நடந்துவந்தன. இரண்டாம் உலகப்போரை ஒட்டிக் கட்டப்பட்ட பிஸ்டன் எஞ்சின் போர் விமானங்களைத் திருத்தியமைத்து அவற்றில் ஓட்டினார்கள். நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றித் தாழப் பறக்கும்போது வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரையும் தாண்டும்.

வேகத்தை எப்படிக் கூட்டுவது? அதிவேகத்தில் காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. வேகம் 10 விழுக்காடு கூட வேண்டுமானால் திறன் 33 விழுக்காடு கூட வேண்டும். 1.1ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள், விளங்கிவிடும்.

இதற்கு மூன்று விடைகளைப் பார்ப்போம்.

முதலாவது, உள்ள எஞ்சினையே பிழிவது. மஸ்டாங் விமானத்தின் மெர்லின் எஞ்சினுக்கு 12 சிலிண்டர். கொள்ளளவு 27 லிட்டர். போர்க்காலத்தில் சுமார் 1,500 குதிரைத்திறன் தந்த அதே எஞ்சினிலிருந்து பந்தயத்தில் 3,000க்கும் மேல் எடுத்தார்கள். மூக்கு ஒடுங்கியிருப்பதால் காற்றுத் தடை குறைவு. ஆனால் அத்தனை அழுத்தத்தில் எஞ்சின் பாதியில் பழுதாகும் வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது, பெரிய எஞ்சினைப் பொருத்துவது. 'ட்ரெட்நாட்' என்ற சீ ஃப்யூரி விமானத்தில் 28 சிலிண்டர், 71 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். அதை வருத்தாமலே திறன் கிடைத்தது. எடையோ கூடியது. 'ரேர் பேர்' என்ற பேர்கேட் விமானத்திலும் 46 லிட்டர் எஞ்சினுக்குப் பதில் 55 லிட்டர் எஞ்சின் ஏறியது. 1989இல் அது மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை படைத்தது.

மூன்றாவது, தடையைக் குறைப்பது. இறக்கை நுனிகளை வெட்டினார்கள். விமானியின் கண்ணாடிக் கூண்டைச் சிறிதாக்கினார்கள். இறக்கை குறுகினால் தரையிறங்கும் வேகம் கூடிவிடும். 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங்கில் வயிற்றுப்பகுதியில் துருத்திக்கொண்டிருந்த ரேடியேட்டர் அமைப்பையே நீக்கினார்கள். உள்ளே தொட்டியில் இருந்த திரவம் கொதித்து ஆவியாகி வெப்பத்தை வெளியே கொண்டுசென்றது. நாம் வகுப்பில் நடத்தும் உள்ளுறை வெப்பம்தான் இது! திரவம் தீரும்வரைதான் அந்தக் குளிர்ச்சி.

2011 செப்டம்பர் 16 அன்று பந்தயத்தின் நடுவே அந்த விமானம் கட்டுப்பாட்டை இழந்து பார்வையாளர் பகுதியில் விழுந்தது. விமானியும் பார்வையாளர்கள் பத்துப் பேரும் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. பழைய நட்டுகளின் பிடி தேய்ந்து, வாலிலுள்ள ஒரு சிறு தகட்டின் திருகாணிகள் தளர்ந்திருந்தன. பந்தய வேகத்தில் தகடு படபடத்து அதன் இணைப்பு முறிந்தது. விமானத்தில் செய்த பெரிய மாற்றங்கள் பதிவு செய்யப்படாததும், போதிய வெள்ளோட்டம் பார்க்காததும் விபத்துக்குத் துணைக் காரணங்கள் என்று வாரியம் கூறியது.

நண்பர்களே, அறிவியல் கண்காட்சியில் நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோம்? ஓடியதா, எரிந்ததா என்று மட்டும்தானே பார்க்கிறோம்? எழுதிவைக்காத மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் விடும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு சிறு செயல்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு குழுவும் காகித விமானம் செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று முறை பறக்கவிட்டு, 'கிடைத்தது', 'இழந்தது' என இரண்டு பத்திகளில் எழுதட்டும். இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தால், 'இன்னொரு முறை பறக்கவிட்டுப் பார், தம்பி' என்று சொல்லுங்கள்.

தொலைவில் போய் விழுந்த விமானத்துக்குக் கைதட்டுவோம். பக்கத்திலேயே விழுந்தாலும் அது ஏன் விழுந்தது என்று எழுதிவைத்த குழந்தைக்கு மதிப்பெண்ணும் தருவோம்.