மொய் நோட்டும் முடிச்சிட்ட உறையும்



காரிமங்கலம் பக்கம் முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், பந்திக்கு நிகராகக் கூட்டம் நெருக்கும் இன்னொரு இடம் உண்டு. அது மொய் எழுதும் மேசை. மஞ்சள் தடவிய நோட்டு, மேலே பிள்ளையார் சுழி. ஒருவர் எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போடுவார். கொடுத்தவர் பெயரும் தொகையும் சுற்றி நிற்பவர்கள் காதில் விழும். இதைப் பார்த்து, "இது அன்பளிப்பா, கடனா?" என்று முகம் சுளிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஜப்பானியர் கல்யாணத்தில் பணம் கொடுக்கும் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பணத்தை அதற்கென்றே செய்த உறையில் வைத்துத்தான் தருவார்கள். உறைமேல் அலங்காரக் கயிறு கட்டியிருக்கும். கல்யாண உறையில் போடும் முடிச்சு எளிதில் அவிழாது. கல்யாணம் ஒருமுறைதான் நடக்க வேண்டும் என்பது எண்ணம். குழந்தை பிறந்த வீட்டுக்கு என்றால் இழுத்தால் அவிழும் முடிச்சு. அந்த மகிழ்ச்சி மறுபடி மறுபடி வரலாம் அல்லவா! நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு 30,000 யென் வைப்பது பரவலான வழக்கம். நோட்டுகளை இரண்டு சமக் கூறாகப் பிரிக்க முடிகிற எண்ணிக்கையில் வைப்பதைத் தவிர்ப்பார்கள், தம்பதி பிரியக் கூடாது என்று. நாம் நூறோடும் ஐந்நூறோடும் ஒரு ரூபாய் சேர்த்து 101, 501 என்று வைக்கிறோம். தொகை முழுமையாகி அங்கேயே நின்றுவிடக் கூடாது என்ற நினைப்பு நமக்கு.

கல்யாணத்துக்கு மடிப்புக் கலையாத புது நோட்டு வைக்கும் ஜப்பானியர், சாவு வீட்டுக்குப் புது நோட்டு கொண்டுபோக மாட்டார்கள். இந்தச் சாவை எதிர்பார்த்து முன்கூட்டியே எடுத்து வைத்ததுபோல் ஆகிவிடும் என்பதால் பழைய நோட்டு, அல்லது மடித்த நோட்டு. துக்கப்பட்டவர் மனத்தை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்த வழக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அங்கேயும் யார் எவ்வளவு கொடுத்தார் என்று குறித்து வைக்கிறார்கள். ஆனால் கொடுப்பவர் முன்னால் உறையைப் பிரிப்பதில்லை. நம்மிடம் நாலு பேர் பார்க்க எண்ணுவதால், இல்லாதவர் பலர் கடன் வாங்கியாவது மொய் வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் ஜப்பானியர் முறையே மேல் என்பேன்.

திருப்பித் தருவதில் நிலைமை வேறு. ஜப்பானில் சாவு வீட்டுக்கு வந்த பணத்தில் ஏறக்குறைய பாதி மதிப்புக்கு, 49ஆம் நாள் சடங்கு முடிந்ததும் பொருளாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்தில் விருந்தினர் கிளம்பும்போதே கையில் பரிசுப் பை கொடுப்பார்கள். நம் தாம்பூலப் பையும் கைக்கு உடனே வருவதுதான், ஆனால் அதைக் கொடுத்ததும் மொய்க் கணக்கு தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணுவதில்லை. இன்று காதுகுத்துக்கு எழுதிய மொய், இருபது வருடம் கழித்து எழுதியவர் பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். அதுவரை இரண்டு வீடும் ஒன்றையொன்று நினைவில் வைத்திருக்க வேண்டும். மழையை நம்பி விவசாயம் செய்யும் குடும்பத்துக்கு, பெரிய செலவு வரும் நாளில் வட்டியில்லாமல் கைக்கு வரும் முதல் பணம் இதுவே. 1925இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆய்வில் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது மூன்றும் பழஞ்சமூகங்களில் கடமைகளாக இருந்ததைக் காட்டினார். மொய் எழுதும் யாருக்கும் அது புதிய செய்தி அல்ல.

திருப்பித் தர முடியாத கொடையும் இந்த மண்ணில் நடந்ததுதான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிய நெல்லிக்கனியை அதன் பயனைச் சொல்லாமலே ஔவைக்குத் தந்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. சொல்லியிருந்தால் ஔவை வாங்க மறுத்திருக்கலாம். அது அரசனால் முடிந்தது. அன்றாடங்காய்ச்சிக்கு நோட்டும் கணக்கும் வேண்டும்.

என் கவலையெல்லாம் விசேஷமே நடக்காத வீடுகளைப் பற்றித்தான். பிள்ளை இல்லாத தம்பதியும் தனியாக வாழும் பெண்ணும் ஆயுள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், திரும்பி வர வழியில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆடி, ஆவணியில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே கறிச்சோறு போட்டு மொய் விருந்து வைப்பார்கள். செலவைப் பகிர்ந்துகொண்டு பலர் சேர்ந்து நடத்துவதும் உண்டு. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று வந்தால் நல்லது. அதற்கு முன்பே, உங்கள் வீட்டு நோட்டில் அப்படிப்பட்டவர் பெயர் இருந்தால், அவர்கள் பத்திரிகை வைக்கக் காத்திருக்காமல் ஒரு பொங்கலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது மொய் மேசையில் க்யூஆர் அட்டையும் வந்துவிட்டது. ஆனால் கைபேசி காட்டுவது பெயரையும் தொகையையும் மட்டும்தான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் இடத்தில், ஊர்ப்பெயர் முதலில், அப்பா பெயர் அடுத்து, அதன் பிறகே தன் பெயர் என்று நோட்டில் எழுதினால்தான் ஆள் யாரென்று தெரியும். அதனால் கைபேசியில் பணம் அனுப்பியவர்களும் எழுதுகிறவர் பக்கத்தில் நின்று, தங்கள் ஊரைச் சொல்லிவிட்டுத்தான் பந்திக்குப் போகிறார்கள்.